பாதியாகச் சுண்டிய தண்ணீர்

"...அப்போ நான் காய்ச்சக் காய்ச்ச அது கம்மியாவலை, ஜாஸ்திதான் ஆயிருக்குது. அப்படித்தானே சார்?"

கேட்டது வெந்நீர் அக்கா. கேட்டது, வேங்கிக்கால் ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்திருந்த தண்ணீர் பரிசோதனை அதிகாரியிடம். அவர் என் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த டீ அவர் கையிலேயே ஆடை கட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்டது என்று தெரிந்த பிறகு அவர் அதை வாயில் வைக்கவில்லை. பெஞ்சின் மறுமுனையில் அக்காவின் அண்ணன் மகள், ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா எடுத்து வளர்த்த பெண்.

அந்த ஒரு கேள்வியோடு அக்காவை நீங்கள் தெரிந்துகொண்டால் அது அக்காவுக்குச் செய்கிற அநியாயம். அதற்கு முன்னால் இருந்தவளைச் சொல்கிறேன்.

அவளுக்குச் சொந்தமாக ஒரு பேர் இருந்தது. அதை எழுதினால் அடி அண்ணாமலையில் பாதிப் பேர் "யாரு அது?" என்பார்கள். வெந்நீர் அக்கா என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும். நான் எண்பத்தொன்பதில் கிரிவலப் பாதையில் டீக்கடை போட்டபோது எதிர்வீடு அவளுடையது. கடை திறந்த முதல் நாளே இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தம்பி, டீத்தண்ணி கொதிக்குதா, இல்ல சும்மா சூடு காட்டுறியா?"

"கொதிக்குதுக்கா."

"கொதிக்குதுன்னா எம்மாம் நேரம்? ஒரு கொதி வந்தா தண்ணிக்குக் கோபம் வந்திருக்குதுன்னு அர்த்தம். நின்னு கொதிச்சாத்தான் அதுக்குப் புத்தி வரும்."

நான் மனிதர்கள் சொல்வதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிறவன். படிப்பு எட்டாவதோடு சரி; மிச்சத்தைக் கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வாயிலிருந்துதான் படித்தேன். அதில் பாதி அக்கா வாயிலிருந்து வந்தது.

அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வார்டுல நின்னு பார்த்தவளைக் கேக்குறியா இந்தக் கேள்வி?" என்று சிரிப்பாள். வார்டில் எல்லாவற்றையும் கொதிக்க வைப்பார்கள். அந்தப் பழக்கம் அவள் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் அது வெறும் பழக்கமாக இருந்தது அண்ணி சாகிறவரைதான். அண்ணி, கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுத் தீபத்துக்கு மலை சுற்றப் போனவள், வழியில் யாரோ கொடுத்த ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரைக் குடித்தாள். வாந்தி பேதி. அதே ஆஸ்பத்திரியில், அக்கா வேலை பார்த்த வார்டுக்கு அடுத்த வார்டில் போய்விட்டாள். அண்ணன் கொஞ்ச நாளில் பெங்களூர் பக்கம் வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது. குழந்தை அக்காவோடு நின்றது.

அன்றிலிருந்து மலையைச் சுற்றுகிற எவரும் அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது பச்சைத் தண்ணீர் குடித்திருக்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். பௌர்ணமி தோறும் வாசலில் கீற்றுப் பந்தல் போடுவாள். மூன்று கல் அடுப்பில் அண்டா ஏறும். சீரகம் ஒரு கை. தண்ணீர் பாதியாகச் சுண்ட வேண்டும்; அண்டாவின் உள்பக்கம் முன்பு இருந்த மட்டம் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், அந்தக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அவள் கை முழுசாக நுழைய வேண்டும். அதுவரை இறக்க மாட்டாள். ஆற வைத்து, மண்பானையில் ஊற்றி, நீள அகப்பையால் மொண்டு கொடுப்பாள். ஆரம்பத்தில் நடக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பிறகு தொண்ணூறுகளில் பாதை நிறையக் கூட்டம் வர ஆரம்பித்தது. அக்காவின் அண்டாவும் பெரிதாகிக்கொண்டே போனது.

வரிசையில் நிற்பவர்கள் அவசரப்பட்டால், "தாகத்துக்குத்தான் அவசரம்னு நெனைக்காதீங்க, பேதிக்கு அதவிட அவசரம்" என்பாள். பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு தடவை ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் நின்றார். தன்னிடம் வடிகட்டின தண்ணீர் இருக்கிறது என்றார். நான்தான் என் ஓட்டை இங்கிலீஷில் நடுவில் நின்றேன்.

"வடிகட்டினா ஈ போவும். நோய் போவுமான்னு கேளுடா தம்பி."

நான் கேட்டேனா, வேறு என்னமோ கேட்டேனா தெரியாது. அவர் சிரித்தபடி அகப்பைக்குக் கீழே கையை ஏந்தினார். குடித்து முடித்து நாக்கைச் சப்புக்கொட்டினார். அதன் பிறகு பல பௌர்ணமிகளுக்கு வந்தார்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு ருசி இருந்தது. லேசான துவர்ப்பு. நெல்லிக்காய் தின்ற வாய் மாதிரி. எங்கள் ஊரில் துவர்ப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், மலை மூலிகை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சொன்னார்கள். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் ஊரில் காய்ச்சல் வந்தவர்களுக்குக் கொடுத்தவர்களும் உண்டு.

அது மலைத் தண்ணீர் இல்லை. மேற்கே காட்டோரத்தில் அக்காவின் அப்பா விட்டுப்போன நிலத்துக் கிணறு அது. எங்கள் தெருத் தண்ணீர் உப்பு. பஞ்சாயத்துக் குழாயில் வருகிறபோது வரும். அதனால் வாரம் இரண்டு மூன்று நடை மாட்டுவண்டியில் டிரம் வைத்து அந்தக் கிணற்றுத் தண்ணீர் வரும். அக்காவுக்கு, எனக்கு, கேட்கிற எல்லோருக்கும். கடுங்கோடையில் ஊரில் எல்லாக் கிணறும் மண்ணைக் காட்டும்போது அது மட்டும் நிறைந்து நிற்கும்.

காரணமும் எல்லோருக்கும் தெரியும். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சுரங்கம். அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள் ஈயம், செம்பு தேடி வந்து குழி இறக்கினார்கள். கீழே போய்ப் பக்கவாட்டில் குடைந்தார்கள். அக்காவின் அப்பா அங்கே கூடை சுமந்தார். கட்டுப்படியாகவில்லை என்று கிளம்பும்போது, வெட்டி மேலே குவித்திருந்த கல்லையும் தூளையும் திரும்ப உள்ளேயே கொட்டி மூடினார்கள். பிறகு எங்கிருந்தோ லாரிகள் வந்து கறுப்புச் சாம்பலாக எதையோ கொட்டி மட்டம் பண்ணிவிட்டுப் போயின. மேலே கருவேலம் முளைத்துவிட்டது. கீழே குடைந்த இடமெல்லாம் தண்ணீர். பக்கத்தில் கிணறு தோண்டினால் வற்றாது என்று அப்பா கணக்குப் போட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

என் மனைவியையும் என்னையும் ஒருநாள் அந்தக் கிணற்றைக் காட்டக் கூட்டிப்போனாள். கோயில் காட்டுகிற மாதிரி காட்டினாள். அடிப்படிக்கட்டு வரை தெரிந்தது, கண்ணாடி.

"பாசி இருக்குதா பாரு. தவளை இருக்குதா? ஒரு புழு பூச்சி? இந்த ஜில்லாவுல இப்படி ஒரு கிணறு காட்டு, நான் காய்ச்சுறதையே வுட்டுர்றேன்."

என் மனைவி வாயாடி. "இவ்ளோ சுத்தம்னா ஏன்க்கா காய்ச்சுறீங்க?"

"சுத்தமா இருக்கிறவங்க குளிக்க மாட்டாங்களா? கேள்வியப் பாரு."

தவளை குடியிருக்காத கிணற்றில் நாம் குடிக்கலாமா என்று கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தவளை இல்லாததுதானே அந்தக் கிணற்றின் பெருமை!

இன்னொன்று. அந்தத் தண்ணீர் கொதிக்கும்போது மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி மெல்லிய ஏடு படரும். வேறு தண்ணீரில் அப்படி வராது. அக்கா வெள்ளைத் துணியால் அதை வழித்தெடுத்துப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். "பாத்தியா? அத்தனை அழுக்கும் நெருப்புக்குப் பயந்து மேல வருது. காய்ச்சலைன்னா இது எங்க போயிருக்கும்? உன் வயித்துக்குத்தானே?" அந்தத் துணியைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கும் வந்ததில்லை.

அண்ணன் மகள் வளர்ந்தாள், படித்தாள், வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிற பையனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கல்யாணச் சீரில் பாத்திரத்தோடு பாத்திரமாக ஒரு வெந்நீர் அண்டாவும் போனது. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அந்த வீட்டு போர் தண்ணீரை அவள் நம்பவில்லை. காய்ச்சிய தண்ணீரை பிளாஸ்டிக் கேனில் அடைத்து டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவாள். கண்டக்டர்கள் கிண்டல் பண்ணுவார்கள்: "இன்னாக்கா, கேனுக்கு டிக்கெட்டு?" "அது கைப்புள்ளடா, டிக்கெட் கெடையாது" என்பாள்.

முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். டாக்டர்கள் எதையெதையோ பார்த்துவிட்டு, உடம்பு பலவீனம் என்றார்கள். அந்த நாட்களில் அக்கா கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவாள், பேச மாட்டாள். ஒருநாள் மட்டும் சொன்னாள்: "தண்ணியிலதான் எங்கியோ கோட்டை வுட்டிருக்கேன் தம்பி. பஸ்ஸுல போற கேனுல வெயில் படுது."

அவள் சரியான இடத்தைத்தான் தொட்டாள். தொட்டுவிட்டு எதிர்த்திசையில் நடந்தாள்.

மூன்றாவது தடவை நாள் தள்ளியதுமே பெண்ணைத் தன்னிடமே அழைத்து வந்துவிட்டாள். இனிமேல் கேனும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். பாதியாகச் சுண்டுவது போதாது என்று கால்வாசியாகச் சுண்ட வைத்தாள். விறகு வாங்கி மாளவில்லை. "அத்தை, தண்ணியா கஷாயமா இது?" என்று அந்தப் பெண் முகம் சுளிப்பாள். "வாய மூடிட்டுக் குடி பாப்பா. ரெண்டு தடவை ஏமாந்தது போதும்." ஏழாம் மாதம் தொடங்கியது. அக்கா முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது.

அந்த வெளிச்சத்தில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். எங்கள் பக்கத்துக் குடிநீருக்குப் புதிதாக ஒரு கிணறு தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேங்கிக்கால் ஆபீசுக்குத் தானே போனாள். "என் கிணத்தை எடுத்துக்குங்க. வத்தாது. என் பாப்பா வயித்துல ஒண்ணு நல்லபடியா பொறக்கட்டும், ஊரே குடிக்கட்டும்" என்றாள். காசு கேட்கவில்லை. அதிகாரி கிணற்றைப் பார்க்க வந்தார், ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்தார். அக்கா அவரை விடவில்லை.

"சார், பரிசோதனைக்குப் பச்சைத் தண்ணியவா எடுத்துட்டுப் போவீங்க? எங்க வீட்டுல நாங்க குடிக்கிறதுல ஒரு பாட்டில் எடுத்துக்குங்க. எதுல என் கை பட்டிருக்குதுன்னு மிஷினுக்கே தெரியட்டும்."

அவர் நல்ல மனுஷர். சிரித்துவிட்டு இரண்டாவது பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டுக்கும் பதில் எடுத்துக்கொண்டுதான் அன்றைக்கு ஜீப் வந்தது. கிணற்றுத் தண்ணீரிலேயே காரீயம் இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது என்றார். துத்தநாகமும் வேறு என்னென்னவோவும் இருந்தன. கடை முன்னால் கூடியிருந்தவர்களில் ஒருத்தர், "ஈயச் சொம்புல ரசம் வெக்கிறதில்லையா சார்?" என்று கேட்டார். அது வெள்ளீயம், வேறு. இது காரீயம், பேட்டரியில் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகவே ஆகாது என்றார். அந்தக் கல் பூமிக்குள் கெட்டியாக இருந்தவரை சும்மா கிடந்தது. அதை உடைத்துத் தூளாக்கி, திரும்ப உள்ளே போட்டு மூடியதால் தண்ணீர் அதில் ஊறி ஊறி இறங்குகிறது என்று சுவரில் விரலால் படம் போட்டுக் காட்டினார்.

அக்கா நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வேளை என்கிற மாதிரிகூட இருந்தாள். "அதனாலதான் சார் நான் காய்ச்சுறேன். அந்த ரெண்டாவது பாட்டிலைச் சொல்லுங்க."

அவர் சொல்லத் தயங்கினார். அக்கா விடவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அந்த பாட்டிலில் கிணற்றில் இருப்பதைப் போல மூன்று பங்குக்கும் மேலே இருக்கிறது என்றார். "கிருமி செத்துடும்மா. உலோகம் சாகாது. ஆவியா போறது தண்ணி மட்டும்தான்."

அதற்கு மேல் என்ன கேட்பாள்? அந்தக் கேள்வியைத்தான் கேட்டாள்.

பிற்பாடு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். சுரங்கத்தைத் தோண்டியவர்கள் யார், சாம்பலைக் கொட்டியவர்கள் யார் என்று விசாரிக்க ஆள் வருவார்கள் என்றார்கள். வரவில்லை. அடுத்த பௌர்ணமி சாயங்காலம் அக்கா அதே வாசலில், பந்தல் இல்லாமல், அகப்பை இல்லாமல், வெறுங்கையோடு நின்றாள். போகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: "போன மாசம் இங்க தண்ணி குடிச்சீங்களா? அதுக்கு முன்ன?"

நன்றி சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்து, "குடிச்சோம்மா, நல்லா இருப்பீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நின்று கேட்டவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள், பிள்ளைகளை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். ஒருத்தர், "எங்கேம்மா இன்னிக்குத் தண்ணி? அந்தத் துவர்ப்புக்காகவே இந்த ஓரமா வந்தேனே" என்றார். அக்கா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளைக்காரர் எந்த ஊர், எந்த தேசம் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "முகம் தெரியாதவங்களுக்குக் குடுத்தாத்தான் புண்ணியம்னு நெனச்சேன் தம்பி. இப்ப எந்த முகத்தைத் தேடுவேன்?" என்றாள்.

பல பௌர்ணமிகள் அப்படி நின்றாள். கால் வீங்கும்வரை நிற்பாள்.

பெண் குழந்தை பிறந்தது. எடை கம்மி. பிழைத்தது. பேச்சு வரக் கொஞ்சம் தாமதமானது. சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்றார்கள். முதல் இரண்டும் தண்ணீரால்தான் போயினவா என்று அக்கா ஒவ்வொரு டாக்டரையும் கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். அந்த 'லாம்' அவளைத் தூங்க விடவில்லை. என் பிள்ளைகளும் அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்தான். சின்னவனுக்குக் கணக்கு வராது. அவன் அப்பனுக்கும் வராது என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறேன். அக்காவிடம் இந்தத் தமாஷைச் சொன்னதில்லை.

நான் ஒருநாள், "தெரியாம குடுத்தது விஷமாகாதுக்கா" என்றேன். "எனக்குத் தெரியாது, சரி. குடிச்ச உடம்புக்கு அது தெரியுமாடா?" நான் சேர்த்து வைத்திருக்கிற அவள் பேச்சில் கடைசியானது அது. அக்கா இப்போது இல்லை.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, அந்த ஜீப் வந்த நாளில், அதிகாரி டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம்தான். அதையே அக்கா பதிலாக எடுத்துக்கொண்டாள். அழவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. தெருமுனையைக் கைகாட்டி, "அந்தப் பஞ்சாயத்துக் குழாய் சார்? அதைப் பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தோம்மா. கொஞ்சம் உப்புதான். குடிக்கலாம்."

அக்கா என் மேஜையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டாள். குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்கள் அவள் வருவதைப் பார்த்து ஒதுங்கினார்கள். அவளை அங்கே யாரும் பார்த்ததே இல்லை. டம்ளரைக் கழுவினாள். நிரப்பினாள். வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வந்து பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு, மகளின் மோவாய்க்குக் கீழே இடது உள்ளங்கையை ஏந்திக்கொண்டு, அந்தப் பச்சைத் தண்ணீரை அவள் வாயில் வைத்தாள்.